என் குரல் இல்லாத படம்

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே நின்று டீ குடித்தால் யாராவது ஒருவர் என்னைத் திட்டிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. போன வாரம் பூ வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா, சரத்தைப் பூக்காரியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு என் பக்கம் வந்தார்.

"ஏட்டி, அந்தப் புள்ளத்தாச்சிய மாடிப்படியில இருந்து தள்ளிவிட்டவ நீதானே?"

"ஆமாம்மா, நான்தான்."

"நல்லா இருப்பியா நீ?" என்றவர், சட்டென்று முகத்தைச் சுருக்கினார். "இது என்ன, உன் சத்தம் இல்லையே இது? தொண்டை கட்டியிருக்கா?"

என் தொண்டைக்கு ஒன்றும் இல்லை. ஏழு வருஷம் தினமும் மாலையில் இவர் வீட்டுக்குள் வந்து போனது என் முகம்தான். குரல் வேறு ஒருத்தியுடையது. அந்த டிவி தொடரில் நான் ஒரு கோயம்புத்தூர்ப் பணக்கார வீட்டின் மூத்த மருமகள். முதல் நாள் படப்பிடிப்பில் நான் இரண்டு வரி பேசியதும் இயக்குநர் சிரித்துவிட்டார். "முகம் ரொம்பச் சரி. வாயைத் திறந்தா கரிசல் மண்ணு கொட்டுது" என்றார். அன்றைக்கே என் குரலுக்கு ஆள் போட்டுவிட்டார்கள். குரல் கொடுத்தவரை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஒல்லியான பெண், கையில் வெந்நீர் பிளாஸ்க். என்னைப் பார்த்ததும், "வசனத்துக்கு நடுவுல அப்படி மூச்சு விடாதீங்க, உதடு ஒட்ட மாட்டேங்குது" என்று குறைப்பட்டுக்கொண்டார். மன்னிப்புக் கேட்டேன். என் மூச்சுக்கு நானே மன்னிப்புக் கேட்டது அன்றைக்குத்தான்.

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பிறவிக் கோளாறு. தொடர் நடிப்பில் பாதி வேலை உட்கார்ந்து காத்திருப்பதுதான். காலை ஆறு மணிக்கு மேக்கப் போட்டுப் பதினொரு மணிக்கு ஒரு ஷாட், பிறகு மூன்று மணிக்கு ஒன்று. வசனத்தை மனப்பாடம் செய்யக்கூட வேண்டியதில்லை. கேமராவுக்குப் பின்னால் உதவி இயக்குநர் சத்தமாக வாசிப்பார், நாங்கள் அதையே திருப்பிச் சொல்வோம். மிச்ச நேரமெல்லாம் அந்த வாடகை பங்களாவின் மாடிப்படியில் ஏறி ஏறி இறங்குவேன். பிறகு, கையும் காலும் சும்மா இருக்காததால், தபால் வழியில் இதழியல் படித்தேன். வில்லியின் பட்டுப்புடவையோடு மாடிப்படியில் உட்கார்ந்து செய்தியை எப்படித் தொடங்குவது என்று நான் எழுதிப் பழகியதைப் பார்த்து யூனிட்டே சிரித்தது. செய்தியாளராக வேண்டும் என்று தோன்றியதற்குப் பெரிய லட்சியக் காரணம் எதுவும் கிடையாது. செய்தி வாசித்தால் என் வாயாலேயே வாசிக்கலாம், அவ்வளவுதான்.

நான் செத்தது எனக்கே கடைசியில்தான் தெரியும். ஒரு நாள் செட்டில் பொருட்கள் எடுத்துவைக்கிற அண்ணன் வந்து, "அக்கா, நல்லாச் சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ குடுங்க" என்றார். எதற்கு என்றேன். "மாலை போடணும்ல" என்றார். அந்த வாரம் மாலை போட்ட என் படம் திரையில் வந்ததும் கோவில்பட்டியில் இருந்த என் அம்மா டிவியை அணைத்துவிட்டு எனக்கு போன் செய்தாள். நான் "அம்மா" என்று சொல்லும் வரை அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதமே ஊருக்கு வந்துவிட்டேன்.

ஒரு செய்தி சேனல் என்னைத் தாலுகா நிருபராக எடுத்துக்கொண்டது. மதுரையில் இருந்த செய்தி ஆசிரியர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்: "தெரிஞ்ச முகம். மைக்கை நீட்டினா எல்லாரும் பேசுவாங்க." பேசத்தான் செய்தார்கள், தொடரைப் பற்றி. சாக்கடை அடைப்பைப் பற்றிக் கேட்டால் என் மாமியார் நிஜத்திலும் அப்படித்தானா என்று கேட்டார்கள். ஊரில் இருந்த மற்ற நிருபர்கள் எனக்கு நாற்காலி நகர்த்திப் போடுவார்கள், நான் நகர்ந்ததும் "நடிகை வந்துட்டுப் போவுது" என்பார்கள். காதில் விழும்படியேதான் சொல்வார்கள். எரிச்சலாக இருக்கும். ஆனாலும் என் முதல் செய்திக்கு, தெருச் சத்தம் கேட்காமல் இருக்கத் தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு நானே பின்னணி பேசி அனுப்பினேன். அது ஒளிபரப்பானபோது அம்மா, "நீ பேசுத மாதிரியே இருக்குடி" என்றாள். அன்றைக்கு அழுதேன். கிளிசரின் தேவைப்படவில்லை.

அந்த வேலையில் இரண்டாவது வருஷம் அந்த ஆட்டுக்கார அக்காவைப் பார்த்தேன்.

எட்டயபுரம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு ஊர். மக்காச்சோளமும் உளுந்தும் அறுத்து முடித்து, காடு வெடித்துக் கிடந்த கோடை. அக்காவுக்கு என் வயதுதான் இருக்கும். தலையில் துண்டு, கையில் கம்பு, தோளில் தூக்குச்சட்டி மாட்டிய பை. அவருடைய வீட்டுக்காரர் பாதி ஆடுகளை ஓட்டிக்கொண்டு தெற்கே வயல்காட்டுப் பக்கம் போயிருந்தார். மீதி ஆடுகளை அக்கா ஒற்றையாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கும் கண்மாய்க்கும் நடுவே ஒரு பழைய வண்டிப்பாதை உண்டு. பாதைக்கு இரண்டு பக்கமும் இருந்த நிலத்தை ஒரு சோலார் கம்பெனி எடுத்து, பாதையையும் சேர்த்துக் கம்பி வேலி அடைத்து, ஒரு கேட்டும் போட்டுப் பூட்டிவிட்டது. இனிமேல் ஆடு தண்ணீருக்குப் போக வேண்டுமானால் தார்ச்சாலை வழியாகச் சுற்ற வேண்டும். லாரிகள் பறக்கிற சாலை அது. சுற்றத் தொடங்கிய முதல் வாரமே சினையாடு ஒன்று அடிபட்டுச் செத்தது. அக்கா தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்திருந்தார். கேட் எப்போதும் ஆடுகளுக்குத் திறந்துதான் இருக்கிறது என்று கம்பெனி பதில் கொடுத்திருந்தது.

என்னைப் பார்த்ததும் அக்கா திட்டவில்லை, சிரிக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடவும் இல்லை.

"பேப்பர்க்காரம்மாவா? வாங்க. வெயிலுக்குள்ள வருதீங்களே" என்றார்.

டிவி என்று திருத்தினேன். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். தொடர் ஓடுகிற நேரத்தில் அவர் கிடையில் இருப்பார். அறுவடை முடிந்த யாருடைய காட்டிலாவது, புழுக்கை உரத்துக்காகக் கூட்டிய கிடையில், ஆடுகளோடு. ஏழு வருஷத்தில் என்னை ஒரு நாள்கூட அவர் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தத் தாலுகாவில் என்னை நிருபராக மட்டுமே தெரிந்த ஒரே ஆள்!

பேட்டி எடுத்தேன். வேலியைப் படம் எடுத்தேன், பூட்டை எடுத்தேன், மனுவை எடுத்தேன். ஆசிரியருக்கு அனுப்பியதும் அவர் கூப்பிட்டார். "என்னம்மா இது, கம்பியும் பூட்டுமா இருக்கு. ஒண்ணும் அசையலையே. ஆடு நடக்கணும், புழுதி பறக்கணும். விஷுவல் இல்லாம இதை ஓட்ட முடியாது."

எனக்கும் அது சரியென்றே பட்டது. ஏழு வருஷப் பழக்கம் உடம்பில் ஊறிப் போயிருந்தது. மறுநாள் மத்தியானம் போய், அக்காவை கேட்டுக்கு வெளியே ஆடுகளோடு நிற்கச் சொன்னேன். வெயில் உச்சியில் இருந்தால் முகம் கறுத்துவிடும் என்று நாலரை மணி வெளிச்சத்துக்காகக் காத்திருந்தேன். காத்திருந்தேன் என்பதுகூடப் பொய். நான் வண்டியை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கும் வேலிக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். காத்து நின்றது அக்காவும் ஆடுகளும்.

கேட்டில் காவலுக்கு இருந்தவர் பக்கத்து ஊர்க்காரர். முப்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "மேடம், எங்கம்மா உங்களத் திட்டாத நாளே கெடையாது" என்று ஆசையாகச் சொல்லி, போனில் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டார். அந்த அம்மாவிடம் இரண்டு நிமிஷம் திட்டு வாங்கினேன். காவலருக்கு முகமெல்லாம் பல். அந்த நேரம் பார்த்துக் கேட்டேன்.

"அண்ணே, ஒரே ஒரு ஷாட். கேட்டைத் திறந்து விடுங்க. முன்னாடி ஆடு எப்படிப் போகும்னு காட்டணும்."

அவர் தயங்கினார். "அஞ்சே நிமிஷம் மேடம். ஆபீசுக்குத் தெரியக் கூடாது" என்று சாவியை எடுத்தார்.

கேட்டுக்குள் நான் ஸ்டாண்டை விரித்துப் போனை மாட்டிக்கொண்டு, அக்காவை ஆடுகளை ஓட்டி வரச் சொன்னேன். முதல் தடவை ஆடுகள் மொத்தமாகப் பாய்ந்துவிட்டன. புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. திருப்பி ஓட்டச் சொன்னேன். இரண்டாவது தடவை அக்கா கேமராவைப் பார்த்துவிட்டார். மறுபடியும் திருப்பச் சொன்னேன். மூன்றாவது தடவை எல்லாம் அமைந்தது. பின்னால் சாய்ந்த சூரியன், பொன்னாகப் புழுதி, நடுவில் கம்போடு அக்கா. "சூப்பர்க்கா!" என்று கத்தினேன். ஆடுகள் நிற்காமல் என்னைத் தாண்டி கண்மாய்க்குப் போய்விட்டன. திரும்பி வந்ததும் காவலர் பூட்டிவிட்டார்.

அந்தக் காட்சிக்கு நான் பேசியது இதுதான்: "காலங்காலமாக இந்தப் பாதையில்தான் ஆடுகள் கண்மாய்க்குப் போய் வந்தன. இன்று கேட் பூட்டியிருக்கிறது." செய்தி நன்றாக ஓடியது. ஆசிரியர் போன் செய்து பாராட்டினார். பத்து நாளில் தாசில்தார் இரண்டு தரப்பையும் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார். என் செய்தியால்தான் என்று ஊரே சொன்னது. நானும் அப்படியே நம்பிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, மைக்கோடு போனேன்.

கூட்டத்தில் அக்காவும் ஊர்க்காரர்கள் நான்கைந்து பேரும் ஒரு பக்கம். கம்பெனி அதிகாரி மறுபக்கம். அவருக்குப் பின்னால் சுவரோரம் அந்தக் காவலர். நாங்கள் நிருபர்கள் கடைசி வரிசை. அதிகாரி மரியாதையான மனிதர், சத்தமே போடவில்லை. லேப்டாப்பைத் தாசில்தார் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது எங்க வீடியோ இல்ல சார். அந்த மேடத்தோட சேனல் எடுத்தது. மனு குடுத்ததுக்குப் பிறகு எடுத்தது. பாருங்க, கேட் திறந்திருக்கு. ஆடு உள்ள போகுது. ஓட்டிட்டுப் போறவங்களே மனு குடுத்தவங்கதான்."

படம் ஓடியது. சத்தத்தை அணைத்து வைத்திருந்தார். என் பொன் புழுதி, என் சூரியன், எல்லாம் இருந்தன. என் குரல் மட்டும் இல்லை. என் படத்துக்கு அவர் பேசிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதற்கும் படத்துக்கும் உதடு அத்தனை கச்சிதமாக ஒட்டியது.

"இது நீங்கதானேம்மா?" என்று தாசில்தார் அக்காவைக் கேட்டார்.

"நாந்தான்யா."

"ஆடு போகுதுல்ல?"

"அன்னைக்குப் போச்சுய்யா."

அக்கா திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தார். பேப்பர்க்காரம்மா சொல்லித்தான் ஓட்டினேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய ஆள் நான்தான் என்று விட்டுவிட்டார் போல.

சத்தத்தைக் கூட்டி வைத்துக் காட்டச் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். அதனால் என்ன ஆகப் போகிறது? "போய் வந்தன" என்று நான் பேசுகிற நேரத்தில் படத்தில் ஆடுகள் போய்க்கொண்டிருக்கின்றனவே. வராந்தாவுக்கு ஓடிப்போய் ஆசிரியரைக் கூப்பிட்டேன்.

"நீ ஒண்ணும் பேசாத" என்றார். "நாம கட்சி கிடையாது, சாட்சி கிடையாது. செட்டப் பண்ணி எடுத்தோம்னு நீ சொன்னா சேனல் பேரு போயிரும். அப்புறம் உன்னை நான் வச்சிக்க முடியாது. புரியுதா?"

புரிந்தது. வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நான் நடந்த நடையைப் பார்த்து, மனு எழுதிக்கொண்டிருந்த ஒருவர் பேனாவை நிறுத்திவிட்டார். உள்ளே போய்ச் சொன்னால், ஏழு வருஷ நடிகை பட்டத்தைக் கழற்ற நான் பட்ட பாடு முழுக்க ஐந்து நிமிஷத்தில் போய்விடும். சொல்லாவிட்டால் அக்காவின் ஆடுகள் லாரிக்கு நடுவில்தான் போக வேண்டும். பயமாக இருந்தது. கூச்சமாக இருந்தது. எல்லாவற்றையும்விட, என்னை நிருபர் என்று நம்புகிற அந்த ஒரே ஆள் முன்னாலேயே நான் நடிகை என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே என்பதுதான் தாங்க முடியவில்லை.

உள்ளே போனேன். "சார், அந்தப் படத்தை எடுத்தது நான். ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"நிருபரா வந்தீங்களா, சாட்சியா வந்தீங்களா?" என்றார் தாசில்தார்.

"எதுவா வேணும்னாலும் வச்சிக்கிடுங்க சார். கேட்டு பூட்டித்தான் இருந்துச்சு. நான் கேட்டேன், திறந்தாங்க. அது ஷூட்டிங் சார். நான் ஏற்பாடு பண்ணுன சீன்."

என் பக்கத்து நாற்காலிகளில் நாலு பேனாக்கள் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கின. யாரோ மூக்கால் சிரித்தார்கள். தாசில்தார் ஒரு தாளை நீட்டி எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பின்னால் நின்று எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. வரிக்கு நடுவில் மூச்சு வாங்கியது. நான் எழுதியிருந்தது பள்ளிக்கூடத் தமிழ், வாயில் வந்தது அம்மா பேசுகிற தமிழ்.

வாசித்து முடித்து நிமிர்ந்தபோதுதான் சுவரோரம் நின்ற காவலரின் முகத்தைப் பார்த்தேன். அதுவரை, சத்தியமாக, அவரை நான் நினைக்கவே இல்லை.

தாசில்தார் அவரை முன்னால் கூப்பிட்டார். "சாவி யார்கிட்ட இருக்கும்?"

"என்ட்ட சார்."

"வேற என்னைக்காவது ஆட்டுக்குத் திறந்து விட்டிருக்கியா?"

அவர் அதிகாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இல்ல சார். மேடம் வந்த அன்னைக்கு மட்டுந்தான்."

கிராம வரைபடத்தை வைத்துப் பாதையை அளக்கச் சொல்லி உத்தரவானது. அளந்து முடியும் வரை காலையிலிருந்து பொழுது சாயும் வரை கேட் திறந்திருக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட வரிசையில் நின்றார்கள். நான் வெளியே வந்து, வண்டிகள் நிறுத்துகிற வேப்பமரத்தடியில் நின்றேன். சாவியைப் போட்டேன், எடுத்தேன், மறுபடியும் போட்டேன். ஆசிரியரிடமிருந்து செய்தி வந்திருந்தது. கொஞ்ச நாளைக்கு எதுவும் அனுப்ப வேண்டாமாம்.

அக்கா வந்தார்.

"நீங்க நாடகத்துல நடிச்சவியளாமே? உள்ள சொல்லுதாவ."

"ஆமாக்கா."

"எனக்குத் தெரியாது பாத்துக்கிடுங்க."

"உங்களையும் அன்னைக்கு நடிக்க வச்சிட்டேன்க்கா. தப்புதான்."

அக்கா துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் எங்க நடிச்சேன்? ஆட்டுக்குத் தாகம். கேட்டு திறந்துச்சு. போனேன். ஆனா ரெண்டு தடவ திருப்பச் சொன்னீங்க பாத்தீங்களா, அதான் மனசு ஆறல. மத்தியானத்துல இருந்து தண்ணியில்லாம நிக்குது. தண்ணி வாடை பிடிச்ச ஆட்டத் திருப்புதது லேசுப்பட்ட காரியமா? அடிச்சுத் திருப்புனேன். நான் அதுகள அப்படி அடிச்சதே கெடையாது. பேப்பர்க்காரம்மா சொல்லுதாவளே, எழுதுனா பாதை கெடைக்குமேன்னு அடிச்சேன்."

வண்டிச் சாவியை மறுபடியும் எடுத்தேன்.

"நாளைக்குக் காலையில திறக்காவளான்னு பாப்போம். வாங்க" என்றுவிட்டு, ஊர்க்காரர்கள் வந்த ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். கேட்டில் புது ஆள் இருந்தார். பழைய காவலர் புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் துணி யூனிட்டுக்குத் தைக்கப் போயிருக்கிறார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். இன்றுவரை நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. எடுக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

புது ஆள் பூட்டைத் திறந்தார். அக்கா ஊர்ப் பக்கமிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நிற்கவில்லை. காலை வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. நல்ல வெளிச்சம். கை தன்னால் பைக்குள் போனது. போனைத் தொட்டது. எடுக்காமல் கையை அங்கேயே வைத்துக்கொண்டேன். முன்னால் போன ஆடுகள் கேட்டைத் தாண்டியதும் வேகமெடுத்தன. பின்னால் வந்த குட்டிகள் இடித்துக்கொண்டு ஓடின. நான் ஸ்டாண்டை விரிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அக்கா கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு கடைசியாக உள்ளே போனார். அவற்றை யாரும் திருப்பவில்லை.